சத்தக் கொம்பனி

போன வருடம் ஐரோப்பாவிலிருந்து ஒரு பொடியன் தொலைபேசியில் வந்தான். தாய் தகப்பன் மட்டக்களப்பு. அவன் பிறந்து வளர்ந்தது பனிக்குள். போர்க்காலத்தில் புளியந்தீவில் இயங்கிய சுயாதீன இசை வெளியீட்டு நிறுவனம் ஒன்றைப் பற்றி ஆராய்கிறானாம். இயந்திர ஓசையை இசையாக்கிய கிழக்கின் முன்னோடிகள், அவர்களுடைய எழுச்சி, அவர்கள் விட்டுச்சென்ற மரபு என்று அடுக்கிக்கொண்டே போனான். யாரோ பெரிய ஆட்களைத் தேடுகிறான், இலக்கம் மாறி எடுத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, அவன் சொல்வது எங்கள் அண்ணனை.

அந்த முன்னோடி அப்போது பின் வளவில் கோழிக்கூட்டுக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் கசெற் உறையில் அச்சடித்த நிறுவனப் பெயர் ஒன்று இருந்தது. நீளமானது, அவனைத் தவிர எவர் வாயிலும் நுழையாதது. ஊர் எங்களுக்கு வைத்த பெயர் சத்தக் கொம்பனி. எங்கள் தொழில் பாட்டுப் பதிந்து கொடுப்பது. சனம் வெறும் கசெற்றோடு வந்து இன்ன இன்ன படப்பாட்டு வேண்டும் என்று சொல்லும். அண்ணன் உள்ளே மெசினில் பதிவான், நான் முன்னால் இருந்து வியாபாரம் பார்ப்பேன். கடை எங்கள் வீட்டின் முன்னறை. எங்கள் பகுதி வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆகவே அண்ணன் தன் கலையை வளர்த்தது என் சீதன வீட்டில். அந்த உரிமையில்தான் அவனைப் பற்றி இப்படியெல்லாம் எழுதுகிறேன்.

வியாதி ஜெர்மனியிலிருந்து வந்தது. அங்கே அகதியாய்ப் போன அவனுடைய வகுப்புத் தோழன் ஒருவன், ஊருக்கு வந்த யாரிடமோ ஒரு கசெற் கொடுத்தனுப்பியிருந்தான். அண்ணன் போட்டான். இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம், ஏதோ பெரிய ஆலை ஓடுகிற சத்தம், நடுவில் பல்வலிக்காரன் போல ஒருவன் கத்துகிறான். அம்மா குசினியிலிருந்து ஸ்குரூ டிரைவரோடு ஓடி வந்தாள், மெசின் நாடாவைத் தின்றுவிட்டது என்று. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கையைக் காட்டி அவளை நிறுத்தினான். முகத்தில் கோயில் திருவிழாவில் தெய்வம் ஏறியவனின் களை. அவனுக்குக் காதல் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, பெண் வீட்டாரோடு பேசித் தீர்த்திருக்கலாம்.

அன்றிலிருந்து அவனுக்குப் பாட்டு என்றால் அருவருப்பு. பாட்டு மனுசரின் பொய், மெசின்தான் உண்மை பேசுகிறது என்பான். அந்த உண்மையைக் கேட்கிற ஓர் ஆள், முதலிலிருந்து கடைசிவரை முழுதாகக் கேட்கிற ஒரே ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்பான். நான் அந்த ஆள் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

ஜெர்மனியில் தொழிற்சாலை இருக்கிறது, அவர்கள் பதிகிறார்கள். எங்களிடம் என்ன இருந்தது? ஓர் ஐஸ் ஆலை, காத்தான்குடித் தறிகள், வாவியில் போய்வரும் எஞ்சின் தோணிகள், நெல் குற்றும் மில்கள். அண்ணன் ஐஸ் ஆலையில் தொடங்கினான். அந்தக் கசெற்றைக் கேட்டால் தடிமன் பிடிக்கும் என்று அம்மா சொன்னாள். அடுத்தது தறி. அது பரவாயில்லை, நித்திரை வந்தது. மூன்றாவதுதான் அவனுடைய பெரும் படைப்பு, கிரானில் இருந்த நெல் மில்.

அறுவடை முடிந்த கையோடு போனோம். நானும் போனேன், கலையின் மேல் உள்ள பாசத்தினால் அல்ல. தனியே போகிற இளந்தாரியை வழியெல்லாம் ஆமிக்காரர் மறிப்பார்கள், தங்கச்சி கூட இருந்தால் கொஞ்சம் குறைவாக மறிப்பார்கள். மில்லில் நல்ல சனம். சைக்கிளிலும் வண்டியிலும் நெல் மூட்டைகள், காற்றெல்லாம் உமித் தூசி. அண்ணன் ஒரு கதிரையில் ரெக்கோடரை வைத்துவிட்டு, எல்லோரும் சத்தம் போடாமல் இருங்கள் என்று கேட்டுக்கொண்டான். ஓடுகிற மில்லுக்குள் நின்றுகொண்டு. அவன் வாய் அசைந்ததை மட்டும் சனம் கண்டு, பாவம் என்று தலையாட்டியது.

மேலே நெல்லைக் கொட்டிக்கொண்டு நின்றவன் என் வயதுப் பொடியன். கண் இமையெல்லாம் உமி. கீழே அரிசி வந்து விழுகிற வாயில் அவன் தாய் சாக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். பதிவு பாதி ஓடியிருக்கும், தாய் பக்கத்துப் பெண்ணோடு கதைக்கத் திரும்பிவிட்டார். அரிசி சாக்குக்கு வெளியே சரிந்தது. பொடியன் மேலேயிருந்து கத்தினான்.

"அம்மோய், சாக்கப் புடியுங்க, அரிசி கொட்டுது!"

மில்லை மிஞ்சிய குரல். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவனுடைய உண்மைக்குள் ஒரு மனுசன் வந்து விழுந்துவிட்டான்.

மறுபடி பதியலாம் என்றுதான் இருந்தான். ஆனால் டீசல் வரத்து நின்றது. கொஞ்ச நாளில் மில்லும் பூட்டு. வேறு வழியில்லாமல் அந்தக் குரலோடேயே வெளியிட்டான். வெறும் கசெற் வாங்க வசதியில்லாததால், காத்தான்குடி வியாபாரி ஒருவரிடம் விலைபோகாமல் கிடந்த ஒரு படத்தின் வசனக் கசெற்றுகளைச் சாக்கோடு வாங்கி அவற்றின் மேலேயே பதிந்தான். பக்கம் முடிகிற இடத்தில் மில் நிற்கும், ஒரு கதாநாயகி இரண்டு விம்மு விம்முவாள். அதையும் பின்னாளில் யாரோ கலை நுணுக்கம் என்று எழுதியிருக்கிறார்களாம்.

இனி எழுச்சி. மில் கசெற் விற்றது. விற்றது என்றால் அப்படி விற்றது. அண்ணன் பதியப் பதிய முடிந்தது. தேற்றாத்தீவிலிருந்து வந்தார்கள், வாழைச்சேனையிலிருந்து வந்தார்கள், படுவான்கரையிலிருந்து தோணி பிடித்து வந்தார்கள். அண்ணன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, சனத்தின் காது திறந்துவிட்டது என்றான்.

சனத்தின் காது ஒன்றும் திறக்கவில்லை. கொழும்புப் பாதை அடிக்கடி மூடிக் கிடந்தது, வெறும் கசெற் வருவதில்லை, வந்தாலும் ஆனை விலை. ஊரிலேயே மலிவான கசெற் எங்களுடையது. வாங்கிக்கொண்டுபோய் அதன் மேல் படப்பாட்டுப் பதிந்தார்கள். அண்ணன் ஒவ்வொரு கசெற்றையும் அனுப்புமுன் அதன் மூலையில் உள்ள சிறு பிளாஸ்டிக்கைக் கத்தி நுனியால் உடைப்பான். அது உடைந்தால் மேலே வேறெதுவும் பதிய முடியாது. பூசகர் தேங்காய் உடைக்கிற பக்தியோடு உடைப்பான். வாங்குகிறவர் என் முன்னால் நின்று குரலைத் தாழ்த்தி, "அந்த ஓட்டையில வைக்க ஒரு கடதாசித் துண்டு தாங்க புள்ள" என்பார். கொடுப்பேன், ஓட்டையை அடைத்தால் மறுபடி பதியலாம். வியாபாரம் என்றால் வாடிக்கையாளருக்கு ஒத்தாசை செய்ய வேண்டாமா. இது அம்மாவுக்குத் தெரியும், பக்கத்துக் கடைக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். தெரியாதவன் உள்ளே இருந்து பதிந்துகொண்டிருந்தான்.

ஒருநாள் வாழைச்சேனைக் கடைகளுக்கென்று ஒரு பை நிறையக் கசெற்றோடு போனவனை ஆமிச் சென்ரியில் மறித்தார்கள். ஒன்றைப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். தடதடவென்று வந்திருக்கிறது. இது என்ன என்றால் சங்கீதம் என்றிருக்கிறான். காம்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தக் காலத்தில் உள்ளே போன பொடியன்கள் எல்லோரும் வெளியே வந்ததில்லை. நானும் அம்மாவும் கேற்றடியில் நின்றோம். அம்மா மண்ணில் குந்தி, தெரிந்த தெய்வங்களையெல்லாம் பேர் சொல்லி இழுத்தாள். இனிமேல் அவன் ஐஸ் ஆலையைக் காலை மாலை இரண்டு வேளையும் போட்டாலும் ஒரு சொல் சொல்லமாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன்.

பொழுது சாய்கிற நேரம் வந்தான். கல்யாண மாப்பிள்ளை போல வந்தான். தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி, கசெற்றுக்குள் இரகசியச் செய்தி இருக்கிறதா என்று பார்க்க, அவனைப் பக்கத்தில் இருத்தி, இரண்டு பக்கத்தையும் முதலிலிருந்து கடைசிவரை கேட்டாராம். தேத்தண்ணியும் கொடுத்தாராம். "முழுக்கக் கேட்டவர் அம்மா, ஒரு இடத்தில கூட நிப்பாட்டல்ல" என்றான். அம்மா எழும்பிக் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

வீட்டுக்கு வருகிற வழியில்தான் மீதியைச் சொன்னான். அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார்: இதற்குள் கத்துகிறவன் யார்? அது பிழையாக வந்துவிட்டது சேர் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். அவர் அந்தக் கசெற்றை மேசை இலாச்சிக்குள் போட்டுக்கொண்டு மற்றவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆமிக்காரனே பிழையைக் கண்டுபிடித்துவிட்டான் என்பது அண்ணனுக்குத் தாங்க முடியாத வெட்கம். அடுத்த நாளே மூலப்பதிவை எடுத்து, குரல் வருகிற இடத்தின் மேல் ஐஸ் ஆலையை அழுத்திப் பதிந்தான். திருத்திய பதிப்பு என்று உறையில் போட்டான். அதுவும் நன்றாகவே விற்றது, அதன் மேலும் நன்றாகப் பாட்டுப் பதிந்தார்கள்.

பிறகு ஒரு மாரிகாலத்தில், மில்லில் சாக்குப் பிடித்து நின்ற அந்தத் தாய் கடைக்கு வந்தார். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாதியாய் உருகியிருந்தார். மகன் பட்டணத்துக்கு வந்தவன் வீடு திரும்பவில்லை. சுற்றிவளைப்பில் பிடித்துப்போனார்கள் என்று ஒருவர் சொன்னாராம், இல்லை பஸ்ஸில் கண்டேன் என்று இன்னொருவர். அவர் ஏறாத காம்ப் இல்லை, நிற்காத அரச கந்தோர் இல்லை. மடியிலிருந்து அவனுடைய பள்ளிக்கூடப் படத்தை எடுத்துக் காட்டினார். இமையில் உமி இல்லாத முகம்.

"அண்டைக்கு மில்லுக்குள்ள பெட்டியோட நிண்டது நீங்கதானே மனே?" என்று அண்ணனையும் மகன் முறை வைத்தே கேட்டார். "படத்தப் பாத்துப் பாத்து முகம் நிக்கிது. குரல்தான் மறந்து போகுது. ராவிரவா யோசிச்சும் வருகுதில்ல. அந்தப் பெட்டிக்குள்ள அவன் கத்தினது இரிக்கா?"

அண்ணனின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. மூலப்பதிவில் இல்லை, அவனே ஐஸை ஊற்றி மூடிவிட்டான். ஆனால் அவன் நிமிர்ந்து நம்பிக்கையோடு சொன்னான், "பயப்படாதீங்க பெரியம்மா. முதல் பதிப்பு ஊரெல்லாம் போயிரிக்கி. எத்தின பேர் வெச்சிக் கேக்கிறாங்க. ஒண்ட எடுத்துத் தாறன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா குசினிக்குள் போய்விட்டாள்.

யார் யார் வாங்கினார்கள் என்று எனக்குத்தான் தெரியும் என்பதால் நானும் சைக்கிளில் போக வேண்டியதாயிற்று. முதல் வீட்டில் கேட்டதும் சந்தோசமாக எடுத்துத் தந்தார்கள். போட்டான். காதல் பாட்டு. அடுத்த பாட்டும் காதல் பாட்டு. அண்ணன் கசெற்றை வெளியே எடுத்துப் பார்த்தான். மூலை ஓட்டைக்குள் கடதாசித் துண்டு, நான் கொடுத்ததேதான். இரண்டாவது வீட்டில் சோகப் பாட்டு. மூன்றாவது வீட்டில் கூத்து, பிறகு போன வீடெல்லாம் அப்படித்தான். தேற்றாத்தீவில் ஒரு பெண், கட்டாரில் இருக்கிற புருசனுக்கு அனுப்பவென்று பிள்ளையைத் திருக்குறள் சொல்ல வைத்துப் பதிந்திருந்தாள். பிள்ளை நடுவில் மூக்கை உறிஞ்சி முடித்ததும் திடீரென்று மில் கிளம்பியது. அண்ணன் நிலத்தில் இருந்துவிட்டான். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். மில், மில், மில், கதாநாயகியின் விம்மல், முடிந்தது. குரல் வருகிற இடம் திருக்குறளுக்குக் கீழே போய்விட்டது.

திரும்பும் வழியில், உனக்கு இது தெரியுமா என்று அவன் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பகிடி விட்டிருப்பேன். வாவிக் காற்றில் சைக்கிள் உழக்கிக்கொண்டு முன்னால் போன அவன் முதுகைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. வாங்கியவர்களில் ஓர் ஆள்கூடக் கேட்கவில்லை என்பது அவனுக்கு அன்றுதான் தெரியும். ஆனால் அவன் குமைந்தது அதற்காக அல்ல என்பதும் எனக்குத் தெரிந்தது. அந்தத் தாய்க்கு வாக்குக் கொடுத்துவிட்டான்.

வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியபோதுதான் அவனுக்கு நினைவு வந்தது. ஒரே ஒரு கசெற்றில் மட்டும் எவரும் பாட்டுப் பதிந்திருக்க முடியாது. அது அந்த அதிகாரியின் இலாச்சிக்குள் இருக்கிறது.

காம்புக்கு அவனே போவதாகத்தான் சொன்னான். அந்தத் தாய் விடவில்லை. இளந்தாரி போகிற இடமா அது, எனக்கு அந்தக் கேற் புதுசா என்றார். நான் துணைக்குப் போனேன். கேற்றில் நின்ற ஆமிக்காரனுக்கு அவரைத் தெரிந்திருந்தது. மகன் இங்கே இல்லை, போங்கள் என்று வழக்கம்போலக் கையை ஆட்டினான். இந்த முறை மகனைக் கேட்டு வரவில்லை, கசெற் கேட்டு வந்தேன் என்றார். அவனுக்கு விளங்கவில்லை. நான் மில் மாதிரிச் சத்தம் போட்டுக் காட்டினேன். என் மானம் போனாலும், அவன் சிரித்துக்கொண்டு உள்ளே போனான்.

அந்த அதிகாரியே வந்தார். கையில் கசெற். மூலை உடைந்தபடியே, ஓட்டை வெறுமையாக. இது உங்களுக்கு எதற்கு என்று கேட்டார்.

"அதுக்குள்ள கத்துறது என்ட மகன்."

அவர் கசெற்றைப் பார்த்தார். அந்தத் தாய் மடியிலிருந்து படத்தை எடுத்து நீட்டினார். அதையும் பார்த்தார். தெரியாது என்று தலையாட்டினார். படத்தையும் கசெற்றையும் சேர்த்துத் தாயின் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழியில் அந்தத் தாய் பாலத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார், "அவனக் கேட்டு எத்தின தரம் அந்த வாசலில நிண்டன் புள்ள. ஒண்டும் தரல்ல. கசெற்றக் கேட்டன், உடன தந்தானுகள்." அப்போதும் அவர் அழவில்லை. எனக்குத்தான் கண் தெரியவில்லை.

கடையில் அண்ணன் போட்டான். மில் ஓடியது. நாங்கள் எல்லோரும் நின்றோம், அம்மா அகப்பையோடு. பாதியில் வந்தது. அம்மோய், சாக்கப் புடியுங்க, அரிசி கொட்டுது. அந்தத் தாய் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார், இந்த மெசின் சத்தத்தை எடுத்துவிட்டு அவன் குரலை மட்டும் தர ஏலாதா என்று. குரலை அழித்து மெசினை வைத்திருந்தவனிடம் கேட்கிறார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் கொஞ்ச நேரம் மில்லைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி மனே, கிடக்கட்டும்," என்றார். "மில் இல்லாட்டி அவன் ஏன் கத்தப்போறான்."

இசையைப் பற்றி எங்கள் கொம்பனி காலத்தில் நான் கேட்ட புத்தியான பேச்சு அது ஒன்றுதான். அதற்குப் பிறகு அண்ணன் புதிதாக எதையும் வெளியிடவில்லை. படப்பாட்டுப் பதிந்து கொடுத்து, கசெற் காலம் முடிய, கடையையும் மூடினான். இப்போது ஐரோப்பாப் பொடியன் சொல்கிறான், கம்பியூட்டரில் குரல் வேறு மில் வேறாகப் பிரித்து எடுக்கலாமாம், உலகத்துக்கே கேட்கக் கொடுக்கலாமாம். அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து, வேண்டாம், சேர்ந்தே இருக்கட்டும் என்று சொல்லிப் போனை என்னிடம் தந்தான். உங்களுக்கு எத்தனை ரசிகர்கள் இருந்தார்கள் என்று பொடியன் என்னைக் கேட்டான். இரண்டு பேர் என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தான்.

அந்தத் தாய் சாகும்வரை வந்துகொண்டிருந்தார். ஏதாவது கந்தோரில் விசாரிக்கப் பட்டணம் வருகிற நாட்களில், திரும்பும்போது எங்கள் கடையில் ஏறுவார். நாடாவைச் சுற்றி நேரே குரலுக்குக் கொண்டுபோக விடமாட்டார், அறுந்துவிடும் என்ற பயம். தொடக்கத்திலிருந்து போட வேண்டும். அண்ணன் வாடிக்கையாளரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் போடுவான். அவர் மில்லைக் கேட்டுக்கொண்டு இருப்பார். மகன் கத்தியதும், "ஓம் மனே, புடிச்சிற்றன்" என்று சொல்வார். பிறகும் எழும்பமாட்டார், பக்கம் முடிந்து நாடா நிற்கும்வரை.